அமிலம் அடர்ந்தால் சூடு கூடுமா?

மேசையில் இரண்டு வரைபடத் தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டின் தலைப்பும் ஒன்றே: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு கூடக் கூட, மெக்னீசியத்தோடு அது வினைபுரியும்போது வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது? ஒரு தாளில் புள்ளிகள் இடது கீழ் மூலையில் தொடங்கி, நூல் பிடித்தாற்போல் மேலே போகின்றன. மற்றொன்றில் அவை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. மிக லேசான ஏற்றம், அவ்வளவுதான். முதல் தாளை வரைந்த மாணவி, ‘செறிவு இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும்’ என்று முடிவெழுதியிருக்கிறாள். இரண்டாவதை வரைந்த மாணவன், ‘செறிவுக்கும் சூட்டுக்கும் பெரிய தொடர்பில்லை’ என்கிறான். ஒரே புட்டி அமிலத்தை நீர்த்து, ஒரே வகைத் தெர்மாமீட்டரால் அளந்தவர்கள்தான் இருவரும்.

யாருக்கு மதிப்பெண் கொடுப்பது? இருவருக்கும் என்பேன். அளவீடு இரண்டும் சரி. முடிவுகள் இரண்டும் பாதி வழியில் நின்றுவிட்டன. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இதை அவசரமில்லாமல் பிரித்துப் பார்த்தால், பள்ளி ஆய்வகத்தின் மிக எளிய சோதனைகளில் ஒன்றுக்குள் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

முதலில் பீக்கருக்குள் நடப்பது என்ன? மெக்னீசிய நாடாவைச் சிறு துண்டாக வெட்டி அமிலத்தில் போட்டதும் அதைச் சுற்றி நுரைத்துக் குமிழிகள் எழும், அது ஹைட்ரஜன். ஒரு மெக்னீசிய அணு தன் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிக் கரைசலுக்குள் இறங்குகிறது. அந்த இரண்டு எலக்ட்ரான்களை இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வாங்கிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாகி வெளியேறுகின்றன. குளோரைடு அயனி எதிலும் கலந்துகொள்வதில்லை. தொடக்கத்தில் எப்படி இருந்ததோ முடிவிலும் அப்படியே கரைசலில் இருக்கிறது.

ஒரு அணுவுக்கு இரண்டு அயனி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதோடு இன்னும் ஓர் எண் வேண்டும். ஒரு மோல் மெக்னீசியம், அதாவது 24.3 கிராம், நீர்த்த அமிலத்தில் முழுவதும் கரையும்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 467 கிலோஜூல்.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு வெப்பம்? மெக்னீசிய அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்குவதற்கு மோலுக்கு ஏறத்தாழ 2,190 கிலோஜூல் செலவாகும். அது சாதாரணச் செலவல்ல. ஆனால் வெளிவந்த மெக்னீசிய அயனி மிகச் சிறியது, இரட்டை மின்சுமை உடையது. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து இறுகப் பற்றும்போது ஏறத்தாழ 1,900 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகப் பிணையும்போது மேலும் கிடைக்கிறது. வரவு, செலவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மிஞ்சுவதுதான் அந்த 467. இந்தக் கணக்கின் எந்த வரியிலும் அமிலத்தின் செறிவு என்று ஓர் இனம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை மெக்னீசிய அணு கரைந்தது என்பதுதான் கணக்கு.

இனி அந்த மாணவனின் பீக்கருக்குள் போவோம். அவன் 0.12 கிராம் நாடா எடுத்திருக்கிறான். மோலில் சொன்னால் 0.005. அமிலம் 50 மில்லிலிட்டர். நாடா முழுவதும் கரைந்தால் வெளிவரும் வெப்பம் 467-ஐ 0.005-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 2.3 கிலோஜூல். 50 கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 209 ஜூல் வேண்டும். எனவே வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும்.

நாடா முழுவதும் கரைய எவ்வளவு அமிலம் தேவை? 0.005 மோல் மெக்னீசியத்துக்கு இரண்டு மடங்கு, 0.01 மோல் ஹைட்ரஜன் அயனி. 50 மில்லிலிட்டரில் அந்த அளவு இருக்க வேண்டுமானால் செறிவு 0.2 மோலார் இருந்தால் போதும். அவன் தொடங்கியதே 0.5 மோலாரில். பிறகு 1, 1.5, 2 என்று ஏறியிருக்கிறான். எல்லாப் பீக்கரிலும் தேவைக்கு மேல் அமிலம் இருந்தது. எல்லாவற்றிலும் கரைந்தது அதே 0.12 கிராம் நாடாதான். வெப்பம் எப்படிக் கூடும்? கோடு மட்டமாக நிற்காமல் என்ன செய்யும்?

அதே நாடாத் துண்டை 0.1 மோலார் அமிலத்தில் போட்டிருந்தால் கதை வேறு. அதில் உள்ள அமிலம் பாதி நாடாவுக்குத்தான் காணும். மீதி நாடா குமிழி விடுவதை நிறுத்திவிட்டு அடியில் கிடக்கும்; வெப்பநிலை 5.6 டிகிரி அளவில் நின்றுவிடும். 0.05 மோலாரில் 2.8. அங்கே செறிவை இரட்டித்தால் வெப்பமும் உண்மையிலேயே இரட்டிக்கும். மாணவி பார்த்தது இந்தப் பகுதியை. அவள் ஒவ்வொரு பீக்கரிலும் தாராளமாக மெக்னீசியத்தைப் போட்டிருக்கிறாள். சோதனை முடிந்தபோது அடியில் உலோகம் மிச்சம் இருந்திருக்கும். அவளுக்கு அமிலம் தீர்ந்தது. அவனுக்கு உலோகம் தீர்ந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் ‘வினைக் கட்டுப்பாட்டுக் காரணி’ என்று சொல்வது இதைத்தான்: எது முதலில் தீருகிறதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆக, முழு வரைபடம் ஒன்றுதான். முதலில் நேராக ஏறி, உலோகமும் அமிலமும் சரிக்குச் சரியாக ஒத்துப்போகும் புள்ளியில் முறிந்து, அதன்பின் மட்டமாகப் போகும் கோடு அது. ஏற்றத்தை மட்டும் ஒருத்தி பார்த்தாள், சமதளத்தை மட்டும் ஒருவன் பார்த்தான். செறிவுகளைத் தேர்ந்தெடுத்தபோதே, எடை போட்டபோதே, விடையின் பாதியை அவர்கள் அறியாமல் எழுதிவிட்டார்கள். இந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது இதையே. தெர்மாமீட்டரைத் தொடுமுன், அந்த முறிவுப் புள்ளி எங்கே வரும் என்று காகிதத்தில் கணக்கிடுங்கள். பிறகு அதற்கு இருபுறமும் செறிவுகளை வையுங்கள். 0.05, 0.1, 0.15, 0.2, 0.3, 0.5, 1 என்று எடுத்தால் கோட்டின் இரு பகுதிகளும் ஒரே தாளில் வந்துவிடும்.

இதன் ஒரு பாதியை 1766-லேயே ஒருவர் பார்த்துவிட்டார். லண்டனில் வாழ்ந்த ஹென்றி கேவண்டிஷ் அந்த ஆண்டு ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வுரைகளில், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலங்களில் கரைத்து, எழும் ‘எரியும் காற்றை’ அளந்து சொன்னார். ஹைட்ரஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. கந்தக அமிலத்தை அதன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு நீர் விட்டுக் கரைத்தாலும் சரி, ஏழு மடங்கு நீர் விட்டுக் கரைத்தாலும் சரி, ஒரே எடை இரும்பிலிருந்து ஒரே அளவு வாயுதான் வருகிறது என்று கண்டார். அமிலத்தின் வீரியத்துக்கும் வாயுவின் அளவுக்கும் தொடர்பில்லை என்று அவரே பதிவும் செய்தார். அந்த வாயு உலோகத்திலிருந்து வருகிறது என்று அவர் எண்ணியது தவறாக முடிந்தது. ஆனால் அளவீடு இன்றுவரை அசையவில்லை. வாயுவுக்குப் பொருந்துவது வெப்பத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே எண்ணிக்கையிலிருந்து பிறக்கின்றன: கரைந்த அணுக்கள் எத்தனை?

இந்த இடத்தில் எப்போதும் ஒரு மாணவர் கை தூக்குவார். “சார், ரெண்டு மோலார் அமிலத்துல போட்டா பீக்கரே சுடுது. அரை மோலார்ல போட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு. கையில தெரியுதே சார்!”

கையில் தெரிவது உண்மைதான். அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் கைக்குத் தெரிவது வெப்பம் அல்ல, வெப்பநிலை. அதுவும் அந்த நேரத்து வெப்பநிலை. இவ்விரண்டையும் முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். மெக்னீசியச் சேர்மமான ‘மக்னீசியா ஆல்பா’வைப் பற்றி 1756-ல் அவர் வெளியிட்ட ஆய்வு வேதியியலுக்குத் தராசின் துல்லியத்தைக் கற்றுக்கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பொருளில் எவ்வளவு வெப்பம் சேர்ந்தது, அது எவ்வளவு சூடாயிற்று என்பவை இரு வேறு கேள்விகள் என்று தம் வகுப்புகளில் விளக்கினார். மெக்னீசியம், வெப்பம் என்ற இரண்டு பாதைகளும் ஒரே மனிதரிடம் சந்தித்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் பிரித்துக் காட்டியதை நம் பீக்கரிலேயே பார்க்கலாம். அதே 0.12 கிராம் நாடாவை 100 மில்லிலிட்டர் அமிலத்தில் போட்டால் வெப்பநிலை ஐந்தரை டிகிரிதான் ஏறும். வெப்பம் அதே 2.3 கிலோஜூல்.

சரி, 50 மில்லிலிட்டரை மாற்றாமல் செறிவை மட்டும் கூட்டினால் கைக்குச் சூடு ஏன் கூடுகிறது? இங்கேதான் வேகம் வருகிறது. கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் நெருக்கமாக இருந்தால் ஒவ்வொரு நொடியும் உலோகப் பரப்பில் வந்து மோதுபவை அதிகம். 2 மோலார் அமிலத்தில் நாடா சில நொடிகளில் காணாமல் போகும். மிக நீர்த்த அமிலத்தில் பல நிமிடம் எடுக்கும். வினையின் வேகம் அந்தந்தக் கணத்தில் மிச்சமிருக்கும் பொருளின் அளவைப் பொறுத்தது என்பதை 1850-ல் ஜெர்மானியர் லுட்விக் வில்ஹெல்மி, அமிலத்தில் கரும்புச் சர்க்கரை சிதைவதை ஒளியின் உதவியால் அளந்து கணிதமாக எழுதினார். வேகத்துக்கும் செறிவுக்கும் உள்ள உறவை ஆராயும் துறை அங்கிருந்து வளர்ந்தது.

வேகம் மொத்த வெப்பத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் தெர்மாமீட்டர் காட்டும் உச்சத்தைக் கூட்டும். அடியில் ஓட்டை விழுந்த குடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று கவிழ்த்தால் குடம் கழுத்துவரை நிறைந்து, பிறகு மெல்ல இறங்கும். அதே ஒரு வாளியைச் சொம்பு சொம்பாக ஊற்றினால், ஊற்ற ஊற்ற ஒழுகிக்கொண்டே இருக்கும். கடைசிச் சொம்பு விழும்போதும் பாதிக் குடம் தாண்டியிராது. பீக்கரும் அப்படி ஒழுகும் பாத்திரமே. கண்ணாடிச் சுவர் வழியாகவும், திறந்த வாய் வழியாகவும், குமிழிகளோடு ஆவியாகவும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. விரைவாக நடக்கும் வினைக்கு ஒழுக நேரம் கிடைப்பதில்லை.

முறிவுப் புள்ளியிலும் இதே கூத்துதான். கணக்குப்படி 0.2 மோலாரில் கோடு கூர்மையாக முறிய வேண்டும். நடைமுறையில் அங்கே கோடு வளைந்துதான் வரும். சரிக்குச் சரியாக அளந்து ஊற்றிய அமிலம் தீரத் தீர அதன் செறிவு சுழியை நோக்கி இறங்குகிறது. கடைசித் துணுக்கு உலோகம் கரைய நெடுநேரம் ஆகிறது. அந்த நேரத்தில் முன்பு சேர்ந்த வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. அளவீட்டில் பிழை என்று மாணவர்கள் இந்த வளைவைக் கண்டு சோர்ந்துபோவார்கள். சோதனைக்குள் வேகமும் வெப்பமும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதை அந்த வளைவைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இந்த ஒழுக்கைச் சரிசெய்ய வழி உண்டு. முதலாவது, கண்ணாடி பீக்கருக்குப் பதில் மூடியுள்ள தெர்மாகோல் கோப்பை. இரண்டாவது, பொறுமை. நாடாவைப் போடுவதற்கு முன்பே மூன்று நான்கு நிமிடம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். நாடாவைப் போட்ட பிறகும் உச்சத்தோடு நிறுத்தாமல், கரைசல் ஆறிக்கொண்டே போவதைப் பத்து நிமிடமாவது தொடர்ந்து குறியுங்கள். பிறகு வரைபடத்தில், ஆறும் பகுதியின் புள்ளிகள் வழியே ஒரு கோடு போட்டு, அதை நாடா விழுந்த நிமிடம்வரை பின்னோக்கி நீட்டுங்கள். அந்த நிமிடத்தில் அந்தக் கோடு தொடும் வெப்பநிலைதான், வெப்பம் ஒழுகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உச்சம். உச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டு ஓடிவிடுகிற பழக்கம்தான் இந்தச் சோதனையை அதிகம் கெடுக்கிறது. வினை முடிந்த பிறகு எடுக்கும் அளவீடுகளுக்குத்தான் இதில் மதிப்பு அதிகம்.

இப்படித் திருத்திய பிறகு சமதளம் உண்மையிலேயே சமதளமாகிவிடுமா? ஏறத்தாழ ஆகும், முழுவதும் ஆகாது. கூர்ந்து பார்ப்பவர்களுக்காக இந்த நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் நாம் அமிலத்தைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். எடையில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2.9 மோலார் அமிலத்துக்கு, சுமார் 3.5 ஜூலே போதும். அமிலம் சற்றுக் கனமானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அதே வெப்பத்துக்கு அடர்ந்த அமிலம் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். 11 டிகிரி ஏற வேண்டிய இடத்தில் 2 மோலார் அமிலம் 12-ஐத் தொடுவது இதனால்தான். மாணவனின் கோட்டில் இருந்த லேசான ஏற்றத்துக்கு ஒரு காரணம் ஒழுக்கு, மற்றொரு காரணம் இது. இரண்டுமே கூடுதல் வெப்பம் அல்ல.

எதிர்ப்பக்கம் இழுக்கும் காரணமும் ஒன்று உண்டு. அலமாரியில் நெடுநாள் கிடந்த மெக்னீசிய நாடா மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். மேலே ஆக்சைடு படிந்திருக்கிறது. மெக்னீசிய ஆக்சைடும் அமிலத்தில் கரையும், வெப்பமும் தரும், ஆனால் மோலுக்கு 151 கிலோஜூல் மட்டுமே. உலோகம் தருவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தராசு இரண்டையும் சேர்த்தே எடை போடும். ஆகவே வெட்டுமுன் உப்புத்தாளால் நாடாவைப் பளபளப்பு வரும்வரை தேய்ப்பது சடங்கல்ல. தேய்த்த பிறகு எடை போடுங்கள்.

இந்த 151-க்கு வேறொரு பயனும் உண்டு. காற்றில் மெக்னீசியம் எரியும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது? கண்ணைக் கூசவைக்கும் அந்த நெருப்பைத் தெர்மாகோல் கோப்பைக்குள் அளக்க முடியாது. ஆனால் உலோகத்தை அமிலத்தில் கரைத்த வெப்பம், ஆக்சைடைக் கரைத்த வெப்பம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வெப்பம் ஆகிய மூன்றையும் வைத்து அதைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம்: 467-லிருந்து 151-ஐக் கழித்து, 286-ஐக் கூட்டினால் 602 கிலோஜூல். எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பம் மாறாது என்ற இந்த விதியை 1840-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மைன் ஹெஸ் வகுத்தார். பள்ளி மாணவர் இரண்டு கோப்பைகளில் அளந்ததைக் கொண்டு, அளக்கவே முடியாத ஒரு நெருப்பின் வெப்பத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

வேகத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வினிகர் இருக்கிறது. அசெட்டிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எல்லா மூலக்கூறும் அயனியாகப் பிரிந்திருக்கும். 1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் பிரிந்திருப்பது ஆயிரத்துக்கு நான்கு அளவில்தான். நாடாவைப் போட்டால் குமிழி மந்தமாக வரும். ஆனால் அயனிகள் தீரத் தீர, பிரியாத மூலக்கூறுகள் பிரிந்து இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். அப்படிப் பிரிவதற்கு ஆகும் வெப்பம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. எனவே 0.12 கிராம் நாடா முழுவதும் கரைந்து முடியும்போது வெளிவந்திருக்கும் மொத்த வெப்பம் ஏறத்தாழ அதேதான். தெர்மாமீட்டர் மட்டும் 11 டிகிரியைக் காட்டாது. அவ்வளவு நேரம் ஒழுகியிருக்கிறது. பின்னோக்கிக் கோடு நீட்டும் முறையை உண்மையாகச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உலோகத்தை மாற்றினால் எண் மாறும். மோலுக்குத் துத்தநாகம் 154 கிலோஜூல், இரும்பு 89. செம்பு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அசையாது. அலுமினியம் எண்ணளவில் நிறைய வெப்பம் தரும், ஆனால் அதன் ஆக்சைடு மேலுறை கரையும்வரை ஒன்றுமே நடக்காததுபோல் இருந்து, பிறகு திடீரென்று பொங்கும். இந்தச் சோதனைக்கு மெக்னீசியமே வசதி.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இதையும் எண்ணாலேயே சொல்கிறேன். அந்த மாணவியைப்போல் உலோகத்தைத் தாராளமாகப் போட்டு அமிலத்தின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால், 1 மோலாரில் ஏற்றம் கணக்குப்படி 56 டிகிரி. நம் ஊர் அறை வெப்பநிலையான 30-லிருந்து 86-க்குப் போகும். 2 மோலாரில் கணக்கு 140-ஐத் தாண்டும். அதற்கு முன்பே கரைசல் கொதித்து, அமிலத் துளிகளும் ஹைட்ரஜனும் சேர்ந்து முகத்துக்கு வரும். வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகமும் ஏறும் என்பதால் அது படிப்படியாக நடக்காது, ஒரே மூச்சில் நடக்கும். ஆகவே சிறு துண்டு நாடா, 1 மோலாருக்கு மேற்படாத அமிலம், கண்ணாடிக் கவசம், திறந்த சன்னல், பக்கத்தில் நெருப்பு கூடாது. அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. வீட்டில் கழிப்பறை கழுவும் அமிலத்தை வைத்துச் செய்து பார்க்கவே கூடாது. அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். ப்ளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் அது குளோரின் வாயுவைக் கிளப்பும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. செறிவு மாறினாலும் வினை அதே வினையாக இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்த நிபந்தனையைக் காப்பாற்றுகிறது, அதனால்தான் பள்ளிக்கு ஏற்றது. கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் அப்படியல்ல. அடர் கந்தக அமிலத்தைச் சூடாக்கி உலோகத்தைக் கரைத்தால் ஹைட்ரஜனுக்குப் பதில் மூச்சடைக்கும் கந்தக டை ஆக்சைடு வருகிறது; எரியாத வாயு வருகிறதே என்று கேவண்டிஷும் கவனித்திருந்தார். செம்பு நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது, அடர்ந்ததில் செம்பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடைத் தருகிறது. வினையே வேறாகிவிட்ட பிறகு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்ற எண்ணும் வேறாகிவிடும். அங்கே செறிவு வேகத்தை மட்டும் மாற்றுகிறது என்று சொல்ல முடியாது.

இன்னும் ஒரு படி மேலே போனால் வினையே நின்றுவிடும். அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்ட இரும்பு, மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும். 93 முதல் 98 சதவீதம்வரை அடர்ந்த கந்தக அமிலத்தைத் தொழிற்சாலைகள் சாதாரண எஃகுத் தொட்டியில்தான் வைத்திருக்கின்றன. அமிலம் முதலில் எஃகைச் சற்றே அரிக்கிறது. உண்டாகும் இரும்பு சல்பேட் அந்த அடர் அமிலத்தில் கரையாமல் சுவரிலேயே படிந்து காவலாக நின்றுவிடுகிறது. தொட்டிக்கு ஆபத்து தண்ணீரால் வருகிறது. ஈரக் காற்று நுழைந்தாலோ, காலி செய்த தொட்டியை அரைகுறையாகக் கழுவினாலோ, மிச்சமிருக்கும் அமிலம் நீர்த்துப்போய், சல்பேட் படலத்தைக் கரைத்து, இரும்போடு வினைபுரியத் தொடங்கும். பள்ளிப் பீக்கரில் எழுந்த அதே ஹைட்ரஜன் மூடிய தொட்டியின் மேற்பகுதியில் சேரும். அந்த மேற்பகுதியில் வெல்டிங் வேலைக்கு ஏறுபவர், உள்ளே இருக்கும் காற்றில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, அதை வெளியேற்றிய பிறகே பொறியைத் தொட வேண்டும்.